அட்டெண்டன்ஸ் சுருதி

ஜனவரி 6, திங்கள்

பயிற்சி அறை. கேமரா ஒன்று, காலர் மைக் ஒன்று, மேஜை மைக் இரண்டு. இரண்டாவது மேஜை மைக்கில் இரைச்சல். பிளக்கைத் திறந்து மறுபடி சால்டர் வைத்தேன். சரியாகிவிட்டது.

அலுவலகத்தில் எழுதுவது மாதிரியே வருகிறது. வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. இந்த டைரி பிரமு அக்கா கொடுத்தது. என் கூடப் பிறந்தவள், அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். தினமும் ரெண்டு வரியாவது எழுதணும், இல்லையென்றால் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். வந்தாலும் வந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் ஒலி ஒளிப் பிரிவில் டெக்னீஷியன். மதியத்துக்கு மேல் இசைத் துறையில் வேலை. பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியார்களை உருவாக்கும் இரண்டு வருடப் படிப்பு அங்கே இருக்கிறது. வருகிறவர்களுக்குப் பாடத் தெரியும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கத் தெரியாது. அதற்காக ஒருவர் பாடம் எடுப்பார், மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். வாயே திறக்காத பிள்ளை யார், சுருதி சேராமல் கத்துகிற பிள்ளை யார், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவது யார் என்று கோமதி மேடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். நான் பதிவு செய்வேன். பிறகு எல்லோரும் டிவியில் போட்டுப் பார்த்து ஆளாளுக்குக் குறை சொல்வார்கள்.

வடிவும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அக்டோபர் வரைக்கும். என் மனைவி. நவம்பரில் டெங்கு. அவ்வளவுதான்.

இன்று முதலில் கணபதிராமன். பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்ன கையோடு கண்ணை மூடி ஆலாபனையை ஆரம்பித்துவிட்டான். திறந்தபோது ஒரு "பிள்ளை" டெஸ்க்கில் படுத்துத் தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தது. மேடம் பின்வரிசையிலிருந்து, "ஏ கணபதி, கச்சேரி முடிஞ்சு மாலை போட்டாச்சுன்னா சொல்லு, வகுப்ப ஆரம்பிக்கலாம்" என்றார்.

அடுத்தது ரெக்ஸ். தூத்துக்குடிப் பையன், சர்ச்சில் கீபோர்டு வாசித்தவன். அவன் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டே ஆரம்பித்தான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். ஒவ்வொருவரும் உள்ளேன் ஐயா என்றார்கள். கடைசிப் பெயர் வருவதற்குள் அவன் கை சுருதிப் பெட்டியின் பட்டனை அமுக்கி அமுக்கி, பாதிப் பேருடைய குரல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. அங்கிருந்தே பாட்டை எடுத்தான். ஒருத்தரும் தொண்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை.

மேடம் எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். வாத்தியார் தன் சுருதிக்குப் பிள்ளைகளை இழுக்கக் கூடாது, பிள்ளைகளின் தொண்டை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்க வேண்டும்.

ரெக்ஸ் எழுந்து, "இது வடிவக்காவோடது மேடம். நாங்க பாடம் தயார் பண்ணும்போது வந்தது" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீட்டரைப் பார்த்தேன். லெவல் சரியாக இருந்தது.

நாங்க என்றான். அதை எழுதி வைக்கிறேன், வேறொன்றுமில்லை.


ஜனவரி 7, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பர்னரைக் கழற்றிக் கழுவினேன்.

வடிவு அட்டெண்டன்ஸ் எடுத்தபோதும் நான்தான் பதிவு செய்தேன். அறையில் இருக்கிற ஒருத்தரையும் விடமாட்டாள். மேடத்தைக் கூப்பிடுவாள், தண்ணீர் கேன் கொண்டு வந்தவரைக் கூப்பிடுவாள். பாட்டு வகுப்பில் சும்மா உட்கார்ந்து கேட்கிற ஆள் என்று ஒருவர் இருக்கக் கூடாது என்பாள். என்னை மட்டும் கூப்பிடவில்லை. முதல்நாளே வீட்டில் சொல்லியிருந்தேன், பதிவு செய்கிறவன் குரல் பதிவில் வரக் கூடாது, அது தப்பு என்று. சிரித்தாள். சரிங்க ஆபீசர் என்றாள்.


ஜனவரி 9, வியாழன்

வராந்தாவில் ரெக்ஸ் நிறுத்தினான். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போக வடிவக்காவின் சுருதிப் பெட்டி கிடைக்குமா என்றான். துறையில் இருப்பவை எல்லாம் புது மாடல், பட்டனை அமுக்கினால் கட்டை கட்டையாகத் தாவும், இடைப்பட்ட சுருதியில் நிற்காது. பிள்ளைகளின் குரலோ இடைப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. அக்காவின் பெட்டியில் குமிழ் இருக்கிறது என்றான்.

ரிப்பேரில் இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்து பீரோவுக்கு மேலிருந்து எடுத்தேன். அக்டோபருக்குப் பிறகு யாரும் தொடவில்லை. துடைத்து ஆன் செய்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

குமிழைச் சுற்றி அச்சிட்ட எண்கள் இருக்கின்றன. பெண்கள் பாடுகிற சுருதி ஐந்து கட்டை பக்கம், ஆண்களுடையது ஒன்று, ஒன்றரை. வடிவு பாடுவது ஐந்தரை. அங்கே ஓர் அடையாளமும் இல்லை, அது அவள் கைக்கே தெரியும். ஆனால் ஒன்றுக்குச் சற்றுக் கீழே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறாள். இதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை.

அது ஆம்பளை சுருதி.

ரெக்ஸ் பாடிய பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அவன் பாடுவது ஒரு கட்டை.


ஜனவரி 10, வெள்ளி

பழைய பெட்டி என்பதால் உள்ளே சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும். அதனால்தான் புள்ளியில் வைத்தால் சரியாக ஒரு கட்டை பேசாமல் கீழே பேசுகிறது. பின்பக்கம் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பித் திருத்தினேன். இப்போது குமிழைப் புள்ளியில் வைத்தால் கச்சிதமாக ஒரு கட்டை பேசுகிறது.

திருத்துவதற்கு முன்னால் இருந்த அளவைக் குறித்து வைக்க வேண்டும். அதுதான் முறை. குறிக்கவில்லை.

ஒரு வேலை முடிந்தது. பெட்டியை மறுபடியும் பீரோ மேல் வைத்துவிட்டேன்.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நம் வீட்டில் இந்த வருடம் கிடையாது. மாடி வீட்டம்மா தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினார்கள். சாயங்காலம்தான் திறந்தேன்.


ஜனவரி 20, திங்கள்

கேமராவோடு பள்ளிக்கூடம் போனேன். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள அரசு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு. அக்டோபரில் மூன்று வாரம் இந்தப் பிள்ளைகளுக்கு வடிவுதான் பாடம் எடுத்தாள். அவளும் ரெக்ஸும் ஒரே பள்ளிக்குப் போடப்பட்ட ஜோடி. பயிற்சிக்கு இப்படி இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து கவனித்துச் சொல்வதற்கு. இப்போது இரண்டு பேருடைய வகுப்பையும் அவன் ஒருவனே எடுக்கிறான்.

வெளிச்சம் பார்க்கத்தான் போனேன். சன்னல் மேற்குப் பக்கம். மூன்று மணிக்கு மேல் கூசும்.

ரெக்ஸ் சரிகம சொல்லிக் கொடுத்தான். கீழ் சட்ஜமத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் முழங்காலைத் தொட்டார்கள். படிப்படியாக இடுப்பு, நெஞ்சு, தோள் என்று கை ஏறியது. மேல் சட்ஜமத்துக்குக் காது மடலைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதாவது பதற்றம் என்றால் வடிவு வலது காது மடலைப் பிடித்துக்கொள்வாள். பெண் பார்க்கப் போன அன்றும் பிடித்துக்கொண்டிருந்தாள். அது என்ன பழக்கம் என்று நான் கேட்டதில்லை. ஒரு வகுப்பறை முழுக்க அதே மாதிரி, அதே பக்கக் காதை.

இந்தப் பிள்ளைகளுக்கு அவளை மூன்று வாரம்தான் தெரியும்.

முப்பிடாதி என்று ஒரு பெண், எண்ணெய் வழிகிற ரெட்டைச் சடை, ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்கதான வடிவு டீச்சரு வீட்டுக்காரரு?"

தலையாட்டினேன்.

"நீங்க பேசவே மாட்டீங்களாம்லா. டீச்சர் சொல்லிருக்காங்க."

ரெக்ஸ் வந்து அவளை வரிசைக்குப் போகச் சொன்னான். வேறு என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்க வாய்க்கவில்லை.


ஜனவரி 22, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது.


ஜனவரி 29, புதன்

போன வருடம் சாயங்காலம் ஆனால் போன் வரும். சமையல் ஆனதும் வடிவு போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் வைத்துவிட்டு ரெக்ஸோடு மறுநாள் பாடத்தைப் பேசுவாள். முன் அறையில் உட்கார்ந்து நான் ஏதாவது போர்டில் சால்டர் வைத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகளைப் போலக் கேள்வி கேட்பான், இவள் டீச்சராகப் பதில் சொல்வாள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். நிறையச் சிரிப்பாள். நடுவில் என்னைக் கூப்பிட்டு இது எப்படி இருக்குங்க என்று கேட்பாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தெரியும்படி ம் என்பேன்.

அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு அப்போதும் ஒன்றும் இல்லை. இப்போதும் இல்லை. அந்தச் சிரிப்பில் பாதி எனக்குப் புரிந்ததில்லை, அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது.

துணி துவைக்க வேண்டும். மூன்று சட்டைதான் சுத்தமாக இருக்கிறது.


பிப்ரவரி 5, புதன்

ரெக்ஸின் தேர்வுப் பதிவு. பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு முழு வகுப்பை வெட்டாமல் ஒட்டாமல் பதிவு செய்து கொடுக்க வேண்டும். வெளியூர் எக்ஸாமினர் அதைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். அது இல்லையென்றால் பள்ளிப் பயிற்சியில் தேர்ச்சி இல்லை, அடுத்த வருடம் மறுபடியும்.

தலைமை ஆசிரியை பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரெக்ஸ் அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அவரும் எழுந்து உள்ளேன் ஐயா என்றார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. கடைசியில் என் பக்கம் திரும்பினான். நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். கூப்பிடவில்லை. வகுப்பு நன்றாகப் போனது.

மைக் கேபிளில் கோளாறு. ஒலி பதிவாகவில்லை. படம் மட்டும் இருக்கிறது.


பிப்ரவரி 7, வெள்ளி

கோமதி மேடம் அறைக்குக் கூப்பிட்டார். ரெக்ஸ் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான்.

மேடம் கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டிருந்தார். பிள்ளைகள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். காது மடலைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தமே இல்லை.

"இத்தன வருசத்துல உங்க ரெக்கார்டிங்ல ஒரு குறை வந்ததில்ல ஆவுடை. என்னாச்சு?"

"கேபிள் மேடம்."

"எங்க அது?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

மேடம் பதிவை நிறுத்தினார். பிறகு ரெக்ஸிடம் பேசினார். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள். ஜூனில் சேர வேண்டும், தேர்ச்சி இருந்தால்தான். தலைமை ஆசிரியையோ பரீட்சைக்குத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, இனிமேல் பாட்டு வகுப்புக்கு நேரம் இல்லை என்கிறார். மேடமே நேரில் போய்க் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கிடைத்தால் ஒரே ஒரு பீரியட், அதற்கு மேல் தன்னால் முடியாது என்றார்.

ரெக்ஸ் சரி மேடம் என்றான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே நடந்தான், அங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


பிப்ரவரி 8, சனி

அக்கா போன் செய்தாள். சாப்பிட்டியாடே என்றாள். சாப்பிட்டேன். டைரி எழுதுதியா என்றாள். எழுதுகிறேன். உள்ளது உள்ளபடி எழுதுதியா என்றாள்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.


பிப்ரவரி 12, புதன்

சாயங்காலம் ரெக்ஸ் வீட்டுக்கு வந்தான். மேடம் பேசி ஒரு பீரியட் வாங்கிவிட்டார், அடுத்த வியாழக்கிழமை. அதைச் சொல்ல வந்தானா, பெட்டியைக் கேட்க வந்தானா தெரியவில்லை. பிள்ளைகள் டீச்சர் பெட்டி எங்கே, டீச்சர் பெட்டி எங்கே என்று தினமும் கேட்கிறார்களாம்.

இந்த வீட்டுக்குள் அவன் வருவது இதுதான் முதல் தடவை. ஆனால் அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரிந்தவன் மாதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன் வழியாகத் தெரிந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது.

பீரோ மேலிருந்து பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். ரிப்பேர் முடிந்துவிட்டது என்றேன்.

அவன் ஆன் செய்து, குமிழை நேராகச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினான். அந்தப் புள்ளி அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான். முகம் சுருங்கியது.

"அக்கா வெச்ச இடம் இது இல்லயே சார். ஏறியிருக்கு. இது ஒரு கட்டை, என் சுருதில்லா."

"அக்கா வெச்சது எது?"

"உங்களோடது."

எனக்கு விளங்கவில்லை. நான் பாடுவதில்லை, எனக்கு ஏது சுருதி என்றேன். அவன் தம்ளரைக் கீழே வைத்தான். எனக்குத் தெரியாது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது போல.

"எங்க வீட்டுக்காரரு எதுக்கும் ம்னுதான் சொல்லுவாரு ரெக்ஸ்னு சொல்லுவாங்க. தூக்கத்துல கூப்பிட்டாலும் ம், சண்டை போட்டாலும் ம். ஆனா எல்லாம் ஒரே இடமாம். ஒரு நா அடுப்படில நின்னு உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெட்டிய அதுக்குச் சேத்துப் பாத்துருக்காங்க. ஒட்டிக்கிட்டுச்சாம். அங்கயே பொட்டு வெச்சிட்டாங்க. கூப்பிட்டா யோசிக்காம வாரதுதான் ஒரு ஆளோட சுருதின்னு அதுலருந்துதான் பிடிச்சாங்க. அட்டெண்டன்ஸே அப்படி வந்ததுதான் சார்."

எனக்கு நினைவு வந்தது. ஒரு நாள் சும்மா சும்மா கூப்பிட்டாள். என்னங்க. ம். ஒண்ணுமில்ல. என்னங்க. ம். ஒண்ணுமில்ல. கையில் சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்து பெட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அதை நான்தான் அழித்தேன் என்று ரெக்ஸிடம் சொல்லவில்லை. பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று சொன்னேன். அவன் பார்வை மேஜையில் கிடந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் மேல் ஒரு முறை போய் வந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது, "அன்னைக்கு நீங்க ஹெட்போன் போடாம உக்காந்திருந்தீங்க சார். மீட்டரும் ஆடல. பாத்தேன்" என்றான்.

"பாத்துட்டு ஏன் நிப்பாட்டல?"

"அட்டெண்டன்ஸ் பாதில இருந்தேன். பிள்ளைங்க பதில் சொல்லிட்டு இருக்கும்போது எது வந்தாலும் நிப்பாட்டக் கூடாதுன்னு அக்கா சொல்லிருக்காங்கள்லா."

பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவின் இடம் போன பிறகு எதற்கு என்று நினைத்தானோ என்னவோ. துறைப் பெட்டியை வைத்துச் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். அவனுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பற்றியதையே அவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. புள்ளி அவனுடையது என்று நினைத்தபோது இருந்ததைவிட இப்போது அதிகமாக இருக்கிறது.

எது அதிகமாக இருக்கிறது என்று பிரமு அக்கா கேட்பாள். எழுதிவிடுகிறேன். பொறாமை.


பிப்ரவரி 13, வியாழன்

கேபிள் பீரோவுக்கு அடியில் இருக்கிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது.


பிப்ரவரி 16, ஞாயிறு

மைக்கை முன்னால் வைத்து ம் சொல்லிப் பார்த்தேன். சாப்ட்வேரில் போட்டால் சுருதி எவ்வளவு என்று எண்ணாகவே வரும். அதை வைத்து ஸ்க்ரூவைத் திருப்பினால் பழைய இடம் கிடைத்துவிடும் என்று கணக்கு.

ஒவ்வொரு தடவையும் வேறு எண். ஒன்று மேலே, ஒன்று கீழே. சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னேன், ஏதோ போர்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். கண்ணை மூடி அவள் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன், அது எல்லாவற்றையும்விட மோசம். நாலு கட்டைக்குப் போய்விட்டது.

யோசித்துச் சொன்னால் வராது. கூப்பிட ஆள் வேண்டும்.

அக்கா போன் செய்தபோது பேசாமல் ம் கொட்டிப் பதிவு செய்யலாமா என்று பார்த்தேன். அவள் போனில் ம் சொன்னால் போதாது என்று திட்டுகிறவள். வாய்க்கவில்லை.

இட்லி மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.


பிப்ரவரி 20, வியாழன்

பள்ளிக்கூடம். பழைய கேபிளையே கொண்டு போனேன். காலர் மைக், மேஜை மைக் இரண்டையும் இரண்டு தடவை சோதித்தேன். ஹெட்போன் போட்டுக்கொண்டேன். கோமதி மேடமும் வந்திருந்தார், பின்பெஞ்சில் தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில். எனக்குக் காவலாக வந்தாரா என்று தெரியவில்லை. வந்திருந்தால் நியாயம்தான்.

ஹெட்போனில் கேட்கிற வகுப்பு வேறு. டெஸ்க்குக்கு அடியில் காலை ஆட்டுகிற சத்தம் கேட்கும். பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் பிள்ளைகள் மூச்சு இழுப்பது கேட்கும். பிப்ரவரி ஐந்தாம் தேதி இது எதையும் நான் கேட்கவில்லை.

ரெக்ஸ் அட்டெண்டன்ஸ் ஆரம்பித்தான். முத்துச்செல்வி. உள்ளேன் ஐயா. பாலகுரு. உள்ளேன் ஐயா. முப்பிடாதி இழுத்து ஒரு ராகமாகவே சொன்னாள். மேடம், தலைமை ஆசிரியை, ஆயாம்மா, எல்லாம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவன் போர்டுப் பக்கம் திரும்பி சரிகம எழுத ஆரம்பித்தான். பின்வரிசைப் பையன் ஒருவன் இருமினான், லெவல் சிவப்புக்குப் போகாமல் இறக்குவதற்காகக் குனிந்தேன்.

"ஆவுடையப்பன்."

"ம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது. கை லெவல் குமிழ் மேலேயே இருந்தது. ரெக்ஸ் போர்டிலிருந்து திரும்பவே இல்லை. சாக்பீஸ் மட்டும் ஒரு கணம் நின்றது.

வகுப்பே சிரித்தது. முப்பிடாதி எழுந்து, "சார், உள்ளேன் ஐயான்னு சொல்லணும்" என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "டீச்சர் செஞ்சு காட்டுவாங்கள்லா, அதே மாரி சொல்லுதாரு" என்றாள்.

இவர்களுக்கும் செய்து காட்டியிருக்கிறாள்.

ரெக்ஸ் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தான். துறைப் பெட்டியில் பட்டனை அமுக்கினான். அது சரியாகப் பிள்ளைகளின் இடத்தில் நிற்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, பெட்டியே இல்லாமல் அவர்கள் சொன்ன இடத்திலிருந்து பாட்டை எடுத்தான். கடைசி வரை இறங்கவில்லை. நல்ல வாத்தியாராக வருவான். இதை எழுதுவதற்கு எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

முடிந்து ஸ்டாண்டை மடக்கும்போது மேடம் பக்கத்தில் வந்தார். "சவுண்டு வந்திருக்கா?"

"வந்திருக்கு மேடம். என் குரலும் வந்திருக்கு."

"அத வெட்டணுமா?"

முழு வகுப்பு, வெட்டக் கூடாது என்பது விதி என்றேன். மேடம் அந்த விதியைப் போட்டதே தான்தான் என்றார்.


பிப்ரவரி 21, வெள்ளி

பதிவைத் துறையில் ஒப்படைத்தேன். படம் சரி. ஒலி சரி. அந்த இடத்தை மட்டும் எனக்காக ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.


பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் சட்டைகள் எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டேன். பிறகு பெட்டியைத் திறந்தேன்.

சாப்ட்வேரில் அந்த ஒரு ம் மட்டும். முன்னால் சாக்பீஸ் சத்தம், பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு, நடுவில் அரை நொடி. எண் வந்தது. இந்தத் தடவை முறைப்படி குறித்து வைத்தேன், பெட்டியின் உள்பக்கமாக. குமிழைச் சிவப்புப் புள்ளியில் வைத்து, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பதிவையும் பெட்டியையும் சேர்த்து ஓடவிட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு அலையடிக்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஒரு கட்டைக்குக் கீழே.

வடிவு வைத்த இடம் இதேதானா என்று தெரியாது. மூன்று மாதத்தில் என் குரல் இறங்கியிருக்கலாம். ரெக்ஸுக்குத் தெரியும். அவன் காதில் அந்த இடம் இருக்கிறது. போன் செய்து கேட்க வைத்தால் ஒரே நொடியில் சொல்லிவிடுவான்.

போனை எடுத்து வைத்துவிட்டேன். பெட்டியை அவன் ஜூனில் தூத்துக்குடிக்கு எடுத்துப் போகட்டும், பிள்ளைகளுக்குக் குமிழ் உள்ள பெட்டி வேண்டும். அவனிடம் சொல்கிறேன். அதுவரை இங்கே இருக்கட்டும். இது சரியா என்று மட்டும் அவனிடம் கேட்கப் போவதில்லை.

மத்தியானத்துக்கு அரிசி களைய வேண்டியிருந்தது. பெட்டியை அணைக்காமல், முன் அறையில் நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மேடைக்கு முன்னால் நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, என்னங்க என்று சொல்லிப் பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ம் என்று வந்துகொண்டே இருந்தது.